ஊத் கிட் வாங்கிய கதை: 21 பத்தை, 12 பிரடை, 7 மாதம்

முதலில் காசு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நானும் எந்த விமர்சனத்தைப் படித்தாலும் அதைத்தான் முதலில் தேடுவேன். ஊத் என்ற அரபு நரம்புக் கருவியை வீட்டில் நாமே செய்துகொள்ள, பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்பதுதான் கிட். விலை 1,450 திர்ஹம். இஸ்தான்புல்லிலிருந்து அபுதாபிக்கு கூரியர் 220. சுங்கமும் வாட் வரியும் சேர்ந்து 170. பெட்டி கைக்கு வரும்போதே 1,840 போயிருந்தது. அப்புறம் ரீமர், ஹீட் கன், கிளாம்புகள், நல்ல தந்தி என்று இன்னொரு 700. இந்தக் காசுக்கு ஆரம்ப மாணவர்கள் வாசிக்கும் தரத்தில் ஒரு ஊத்தைக் கடையிலேயே வாங்கி, அன்று மாலையே மடியில் வைத்திருக்கலாம். நான் ஏழு மாதம் தரையில் உட்கார்ந்து மரத்தூள் தின்றேன்.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகள் நிறைய சொல்லப் போகிறேன், அவர்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாது. தவிர, வாங்குவதற்கு முன் நான் பார்த்த நாலைந்து கடைகளின் பட்டியலும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருந்தது. எந்தப் பாகத்துக்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்தால் போதும், கடை எதுவாக இருந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி, நான் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று நீங்கள் முடிவு செய்வதற்காக. அபுதாபியில் ஏசி டக்ட் வேலைக்கு சூப்பர்வைசர். அப்பா கோவில்பட்டிப் பக்கம் தச்சர். பள்ளிக்கூட லீவு நாட்களில் அவர் பட்டறையில் இழைப்புளி பிடித்திருக்கிறேன், உளி தீட்டத் தெரியும், ஒரு முக்காலி கூட தனியாகச் செய்திருக்கிறேன். இசைக்கருவி எதையும் தொட்டதில்லை. அக்கா வீணை கற்றுக்கொண்டபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு சரளி வரிசை மட்டும் மனப்பாடம்.

ஊத்தைப் பார்க்காதவர்களுக்கு: நீளவாக்கில் பாதியாக அறுத்த பேரிக்காய் மாதிரி குடம், குட்டையான தண்டி (கழுத்து), பின்பக்கமாக மடங்கிய தலை. விரல் வைக்கும் இடம் காட்டும் மெட்டு கிடையாது, வயலின் மாதிரி வழவழப்பான பலகைதான். ஐந்து ஜோடி தந்தி, ஒற்றையாகக் கீழ்க்குரலில் பேசும் ஒரு மந்தரத் தந்தி, ஆக 11. அல்-ஊத் என்ற அரபுச் சொல்லே ஐரோப்பாவுக்குப் போய் லூட் ஆனது. சொல்லுக்கு நேர்ப்பொருள் மரம், கட்டை. அகில் கட்டைக்கும் இங்கே ஊத் என்றுதான் பெயர். நம் ஊர் ஊதுபத்தியில் இருக்கும் ஊதும் இந்த ஊத்தான். வந்த புதிதில் ஒரு கடைவீதியில் ஊத் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன், மரியாதையாக அழைத்துப் போய் அத்தர் கடையில் உட்கார வைத்துவிட்டார்கள். முழங்கையெல்லாம் வாசனையோடு வெறுங்கையாகத் திரும்பினேன்.

நம்முடைய தஞ்சாவூர் வீணையின் குடம் பலா மரத்தைக் குடைந்து எடுப்பது. ஊத்தின் குடம் குடைவதில்லை. சன்னமான பத்தைகளைச் சூட்டில் வளைத்து, ஓரத்தோடு ஓரம் ஒட்டி ஒட்டிக் கட்டுவது. தேங்காய்ப் பத்தைகளை ஒன்று சேர்த்து மறுபடி மூடி ஆக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மூடியின் கனம் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர்தான். ஒரு தச்சர் மகனுக்கு இதைக் கேள்விப்பட்டபின் தூக்கம் வருமா?

கிட்டில் வந்தவை: முன்கூட்டியே வளைத்த வால்நட் பத்தைகள் 21, ப்ளைவுட்டில் எலும்புக்கூடு மாதிரி ஒரு அச்சு (இதற்கு மட்டும் தனியாக 200 திர்ஹம், மேலே சொன்ன விலையில் சேர்த்தி), முகத்துக்கு ஸ்ப்ரூஸ் பலகை இரண்டு பாதி, அதன் அடியில் ஒட்டும் குறுக்குச் சட்டங்கள் 7, தண்டி, மடங்கிய தலை, தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் 12 பிரடைகள், கருங்காலிப் பலகை, தந்தியின் அடிமுனையைக் கட்டத் துளை போட்ட குதிரை, பூவேலை செய்த மூன்று வட்டங்கள், எலும்புத் துண்டு ஒன்று, தந்தி ஒரு செட், வெள்ளைப் பசை ஒரு பாட்டில். கூடவே துருக்கி மொழியில் அச்சடித்த இரண்டு பக்கக் குறிப்பு.

அந்தக் குறிப்பை போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். "படகைக் கவிழ்த்து நெஞ்சை ஒட்டவும்" என்று வந்தது. பயந்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது, துருக்கியில் குடத்துக்கு தெக்னே என்று பெயர், படகு என்று பொருள். முகப்பலகைக்கு கோய்ஸ், அதாவது நெஞ்சு. அரபியில் அதே பலகைக்கு முகம், தந்தி தாங்கும் மேல்கட்டைக்கு மூக்கு. தந்தியின் அடிமுனை கட்டும் கட்டைக்கு, ஆங்கிலத்தில் பிரிட்ஜ், என்ன பெயர் தெரியுமா? ஃபரஸ். குதிரை! நாமும் வீணையில் அதைக் குதிரை என்றுதான் சொல்கிறோம். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க வீணைக்காரர்கள் வார்த்தையையே பயன்படுத்துகிறேன், அப்பாவுக்குப் போனில் விளக்கும்போதும் அதுதான் கை கொடுத்தது. குறிப்பைப் பொறுத்தவரை, மொழிபெயர்த்தாலும் பயனில்லை. "தண்டியின் கோணத்தைச் சரியாக வைக்கவும்" என்று இருக்கிறது. சரி என்றால் எவ்வளவு என்று இல்லை.

முதல் குறை பெட்டியைப் பிரித்த அன்றே தெரிந்தது. ஊத்தில் இரண்டு பெரிய மரபு உண்டு. அரபு ஊத்தில் மூக்கிலிருந்து குதிரை வரை தந்தி நீளம் சுமார் 61 செ.மீ. துருக்கி ஊத்தில் 58.5. தண்டி குடத்தோடு சேரும் இடம் தந்தி நீளத்தில் மூன்றில் ஒரு பங்கில் வர வேண்டும். அப்போதுதான் அந்த மூலையில் விரல் வைத்தால் சரியாகப் பஞ்சம ஸ்வரம் பேசும். மெட்டு இல்லாத கருவியில் வாசிப்பவருக்கு அந்த மூலைதான் மைல்கல். நான் கேட்டது 61, அதற்குத் தண்டி 20.3 இருக்க வேண்டும். டேப்பை வைத்தேன், 19.5. துருக்கி அளவுத் தண்டியை அரபு அளவு முகத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டார்கள். அளக்காமல் ஒட்டியிருந்தால் பஞ்சமம் எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கும்.

மெயில் போட்டேன். இரண்டு நாளில் மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது, மூன்று வாரத்தில் புதுத் தண்டி வந்தது, காசு கேட்கவில்லை. தவறுக்கு ஒரு மதிப்பெண் குறைத்தால், நடந்துகொண்ட விதத்துக்குப் பாதியைத் திருப்பிக் கொடுக்கலாம்.

இனி அச்சு. கிட்டிலேயே மிக நல்ல பொருள் இதுதான். தடித்த ப்ளைவுட்டில் முதுகெலும்பு ஒன்று, அதன் மேல் விலா மாதிரி குறுக்குப் பலகைகள். கணினி வெட்டு, அரை மில்லிமீட்டர் பிசகில்லை. குடத்தின் உருவம் முழுக்க இதில்தான் இருக்கிறது. நானே வரைந்து வெட்டியிருந்தால் இதற்கே ஒரு மாதம் போயிருக்கும், அதுவும் இரண்டு பக்கமும் ஒத்திருக்காது. இஸ்தான்புல்லில் மனோல் என்ற கிரேக்கத் தச்சர் இருந்தார், 1845இல் பிறந்து 1915இல் இறந்தவர். துருக்கி ஊத் என்றாலே அவர் வடிவம்தான் முன்மாதிரி. டமாஸ்கஸில் நஹாத் குடும்பம் அதே மாதிரி பேர் பெற்றது. நான் வாங்கியது நஹாத் வடிவம் என்று பட்டியலில் போட்டிருந்தது. நஹாத் ஆவி அதில் இருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் அச்சு ஒழுங்கான அச்சு.

மிக மோசமான பொருள் வளைத்த பத்தைகள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிட் வாங்குகிற எல்லோரும் இதற்காகத்தான் வாங்குகிறார்கள். வளைப்பது கஷ்டம், அதை அவர்களே செய்து தந்துவிட்டால் நமக்கு நிம்மதி என்று நானும் நினைத்தேன்.

சூட்டில் வளைத்த மரம் அச்சில் ஒட்டப்படும் வரை சும்மா இருக்காது. இஸ்தான்புல் ஈரப்பதத்தில் வளைந்தது, விமானத்தில் காய்ந்து, அபுதாபி வெயிலில் வேனில் கிடந்து, என் ஏசி அறைக்கு வந்து சேர்ந்தபோது 21இல் 13 பத்தைகள் விரிந்திருந்தன. அச்சின் மேல் வைத்தால் நுனியில் நாலு மில்லிமீட்டர் இடைவெளி. அழுத்திப் பிடித்து ஒட்டிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள், முறுக்கிக்கொண்டு ஒட்டிய பத்தை அச்சை விட்டு எடுத்த அன்றே குடத்தை இழுத்துக் கோணலாக்கும். கடைசியில் ஒரு இரும்புக் குழாயை வைஸில் மாட்டி, உள்ளே ஹீட் கன் ஊதவிட்டு, 13ஐயும் தண்ணீர் தொட்டு மறுபடி வளைத்தேன். முதல் இரண்டில் கை நடுங்கியது. ஐந்தாவதில் பழகிவிட்டது. வால்நட் சாது மரம், சூடு ஏறியதும் சொன்னபடி கேட்கிறது. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் எதற்குப் பயந்து காசு கொடுத்தேனோ அது இரண்டு மாலை நேர வேலை.

அது கூடப் பரவாயில்லை. பத்தைகளின் இரண்டு ஓரமும் கடைசி அளவுக்குச் சீவித் தரப்பட்டிருந்தன. பத்தையை ஒட்டுவது எப்படி என்றால், இழைப்புளியை மல்லாக்கக் கிடத்தி வைஸில் பிடித்து, பத்தையை அதன் மேல் ஓட்ட வேண்டும். பிறகு இரண்டு பத்தைகளைச் சேர்த்துப் பிடித்து ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். ஓரத்தில் கீற்று வெளிச்சம் கசிந்தால் மறுபடி ஓட்டு. ஒவ்வொரு மூட்டுக்கும் இப்படி எட்டுப் பத்துத் தடவை. ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீட்டர் சீவலாகப் போகும். நடுப் பத்தையில் தொடங்கி இடம் ஒன்று வலம் ஒன்று என்று போனால் மொத்தம் 20 மூட்டு. அரை மில்லி வீதம் 10 மில்லிமீட்டர். அவ்வளவும் குடத்தின் விளிம்பில் பற்றாக்குறையாக வந்து நிற்கும். கடைசி அளவுக்குச் சீவித் தந்தவர்கள் இதற்கு இடம் விடவில்லை.

ஏழாவது பத்தையில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் இது உறைத்தது. ஒட்டியதையெல்லாம் நீராவி பிடித்துக் கழற்றினேன். பிறகு ஒவ்வொரு மூட்டிலும் 0.6 மில்லிமீட்டர் மேப்பிள் இழை ஒன்றை நடுவில் செருகினேன். இருபது இழை, 12 மில்லிமீட்டர், கணக்கு சரி. இப்போது பழுப்புக் குடத்தில் வெள்ளைக் கோடுகள் சூரியக்கதிர் மாதிரி ஓடுகின்றன. பார்க்கிற எல்லோரும் அதைத்தான் பாராட்டுகிறார்கள். அழகுக்காகப் போட்டது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பசை. பாட்டிலில் வந்த வெள்ளைப் பசையைத் தள்ளிவிடுங்கள், அல்லது குடத்தின் உள்ளே மூட்டுகளின் மேல் துணிப்பட்டை ஒட்ட வைத்துக்கொள்ளுங்கள். ஊத்துக்கு வஜ்ஜரம்தான். தோலிலிருந்து எடுக்கும் பசை, சூடும் ஈரமும் பட்டால் விட்டுக்கொடுக்கும். நாளைக்கு முகத்தைத் திறந்து பழுதுபார்க்க வேண்டுமென்றால் அது அவசியம், நான் ஏழு பத்தைகளைக் கழற்ற முடிந்ததும் அதனால்தான். 60, 65 டிகிரியில் வைத்திருக்க வேண்டும், கொதித்தால் பலம் போய்விடும். அப்பா சட்டிக்குள் சட்டி வைத்துக் காய்ச்சுவார். நான் குழந்தைக்குப் பால் பாட்டில் சூடுபண்ணும் வார்மர் ஒன்று வாங்கினேன், 60 திர்ஹம். அதில் ஜாம் பாட்டிலை வைத்தால் நாள் முழுக்க ஒரே சூடு. வீடியோ காலில் அப்பா பார்த்துவிட்டு, "இது இருந்திருந்தா எனக்கு அம்புட்டு விறகு மிச்சம்டா" என்றார். மனைவிக்கு அந்த நாற்றம் பிடிக்கவில்லை. அது நியாயம்.

ஸ்ப்ரூஸ் பலகைக்குப் பத்துக்குப் பத்து. நேர் ரேகை, நெருக்கமான வரி, மரத்தின் ஆரவாக்கில் அறுத்தது, முடிச்சு கிடையாது. மூன்றரை மில்லி கனத்தில் தந்தார்கள், சீவுவது நம் வேலை. இதில்தான் எனக்கு மிகவும் ருசி. மேலே இருந்து 1.8 வரை கொண்டுவந்தேன். ஒவ்வொரு முறை சீவிய பிறகும் பலகையின் ஓரத்தை இரண்டு விரலில் தொங்கவிட்டு முட்டியால் தட்ட வேண்டும். முதலில் கதவு மாதிரி டொக்கென்று இருக்கும். இரண்டே கால் மில்லியில் திடீரென்று குரல் தளரும். இரண்டுக்குக் கீழே தட்டிய பிறகு ஒரு நொடி ஒலி நிற்கும். கிட்டிலேயே மெல்லியதாகத் தந்திருந்தால் இந்தச் சுகம் போயிருக்கும். பத்தையிலும் இப்படிக் கொஞ்சம் மிச்சம் விட்டுத் தந்திருக்கலாமே என்று அப்போது கோபம் வந்தது.

சட்டங்கள் ஏழும் நல்ல மரம். எந்த இடத்தில் ஒட்டுவது என்று குறிப்பில் ஒரு படம் இருக்கிறது, அது மட்டும் சரியான அளவில் இருந்தது. பெரிய சட்டங்களின் நுனியைச் சரிவாகச் சீவி ஒட்டினேன்.

இங்கே ஒரு தவறு நடந்தது, அது முழுக்க என்னுடையது. பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆகஸ்ட் மாதத்தில் சட்டங்களை ஒட்டினேன், வஜ்ஜர நாற்றம் வெளியே போகட்டும் என்று. அபுதாபியின் ஆகஸ்ட் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். பலகை அந்த ஈரத்தைக் குடித்து விரிந்திருந்த நிலையில் குறுக்கே சட்டம் ஒட்டிவிட்டேன். பிறகு ஏசி அறைக்குள் வந்ததும் பலகை காய்ந்து சுருங்கப் பார்த்தது, சட்டம் விடவில்லை. மூன்றாம் நாள் இரவு படீரென்று ஒரு சத்தம். நடு மூட்டுக்குப் பக்கத்தில் ஆறு செ.மீ. வெடிப்பு. டக்ட் போடுகிறவனுக்கு ஈரப்பதத்தைப் பற்றித் தெரியாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன். அறையில் ஈரப்பதம் 45 சதவீதத்தில் நிற்க வைத்து, வெடிப்பில் வஜ்ஜரம் தேய்த்து, அடியில் மெல்லிய ஸ்ப்ரூஸ் ஒட்டுகள் மூன்று வைத்துச் சரிசெய்தேன். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

பூவட்டங்கள் அழகு. இவற்றை ஷம்சா என்பார்கள், சூரியன். பெரியது ஒன்று, சின்னது இரண்டு. லேசர் வெட்டுதான், ஓரம் கருகியிருந்தது, உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடுகிறது. மாறி வந்த தண்டியும் தலையும் குறை சொல்ல முடியாது.

பிரடைகள் பற்றி என்ன சொல்ல. பன்னிரண்டில் ஐந்து வட்டமாகவே இல்லை. வெர்னியர் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் 8.1, மறுபக்கம் 7.7. முப்பதுக்கு ஒன்று என்ற சரிவில் பிரடையும் துளையும் ஒத்துப்போனால்தான் திருகிய இடத்தில் நிற்கும். முட்டை வடிவப் பிரடை ஓரிடத்தில் இறுகும், கால் சுற்றில் வழுகிவிடும். சுருதி சேர்த்துவிட்டுத் திரும்பினால் பின்னால் டொய்ங். பிரடைச் சீவுளி ஒன்று கடன் வாங்கி மூன்றைச் சரிசெய்தேன், இரண்டை மாற்றினேன். சோப்பும் சாக்பீஸ் தூளும் தடவினால் இப்போது நிற்கின்றன. 11 தந்திக்கு 12 பிரடை எதற்கு என்று கேட்காதீர்கள், ஒன்று சும்மா இருக்கும். என்னுடையதில் சும்மா இருப்பது மிச்சமுள்ளவற்றில் மோசமானது.

குதிரையைப் பயன்படுத்தவே இல்லை. துளைகளின் இடைவெளி விசாலமாக இருந்ததால் முதல் ஜோடி தண்டியின் ஓரத்திலிருந்து வழிந்து விழுந்தது. ஒரு தந்திக்கு மூன்று நாலு கிலோ இழுவை, மொத்தம் 35, 40 கிலோவை ஒட்டுப்பசையை மட்டும் நம்பி நிற்கிற கட்டை அது. கைவசம் இருந்த வால்நட் துண்டில் நானே புதிதாகச் செய்தேன். ஈட்டி மரத்தில் (ரோஸ்வுட்) செய்ய ஆசை. ஆனால் 2017 முதல் ஈட்டி வகை மரங்கள் எல்லாமே சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் வந்துவிட்டன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு கொடுத்தார்கள், வெறும் மரக்கட்டைக்குக் கிடையாது. ஊரில் கட்டில் காலுக்கு ஈட்டி போட்ட வீடுகளைப் பார்த்தவன் நான். போகட்டும்.

மேற்பூச்சு கிட்டில் கிடையாது, குறிப்பில் "வார்னிஷ் அடிக்கவும்" என்று ஒரே வரி. அப்பாவிடம் சொன்னபோது போனிலேயே சத்தம் போட்டார். அரக்குச் செதிள் அரைக் கிலோ வாங்கி, லீவு முடிந்து திரும்பிய நண்பரிடம் கொடுத்தனுப்பினார். ஸ்பிரிட்டுக்குத்தான் அலைச்சல். கடைசியில் அபுதாபியின் தொழிற்பேட்டையான முஸஃபாவில் ஒரு மலையாளியின் மரச்சாமான் பட்டறையில் ஒரு பாட்டில் கிடைத்தது. காசு வாங்க மறுத்துவிட்டு, ஊத் முடிந்ததும் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

அரக்கு பாலிஷை அவசரத்தில் செய்ய முடியாது. பஞ்சை நூல்துணியில் சுற்றிப் பந்தாக்கி, அரக்கில் தோய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, எட்டு எட்டாகத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் பந்து ஒட்டிக்கொண்டு பிய்த்துவிடும். ஒரு நாள் அரை மணி நேரம், மறுநாள் காய விடு. மூன்று வாரம் ஆனது. வால்நட்டின் வரிகள் உள்ளிருந்து மேலே வந்தன. அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். "முகத்துல பூசிராத" என்று மட்டும் பதில் வந்தது. அவர் ஊத்தை நேரில் பார்த்ததில்லை. ஆனால் பழைய அரபு ஊத்துகளில் முகத்தை வெறும் மரமாக விடுவதுதான் வழக்கம். பூச்சு கனத்தால் பலகை பேசாது.

கிட்டில் வந்த தந்தியை இரண்டு நாள் போட்டுப் பார்த்துக் கழற்றினேன். அக்கீலா நைல்கட் என்ற தந்தி போட்டேன், 130 திர்ஹம். ஒரே கருவிதானா என்று சந்தேகம் வரும் அளவுக்கு வித்தியாசம். கிட் வாங்குகிறவர்கள் தந்தி வேண்டாமென்று சொல்லி விலையில் கழிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வேலைத்தளத்தில் சிரியாக்காரர் ஒரு ஃபோர்மேன் இருக்கிறார், அறுபது வயது. எல்லோரும் அவரை அம்மு என்று கூப்பிடுவார்கள். அரபியில் அம்மு என்றால் சித்தப்பா. "இன்னிக்கு அம்மு வீட்டுக்கு வர்றாங்க" என்று நான் போனில் சொன்னதைக் கேட்ட என் மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அது தனிக்கதை. இளமையில் டமாஸ்கஸில் கல்யாண வீடுகளில் ஊத் வாசித்தவர். ஊத் செய்வதையும் வாசிப்பதையும் 2022இல் யுனெஸ்கோ ஈரானுக்கும் சிரியாவுக்கும் சேர்த்துப் பட்டியலில் ஏற்றியதைப் போனில் சேமித்து வைத்திருப்பவர். அபுதாபியில் இராக்கிய ஊத் கலைஞர் நசீர் ஷம்மா 2008இல் தொடங்கிய பைத் அல் ஊத் என்ற பள்ளி இருப்பதை எனக்குச் சொன்னதும் அவர்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வந்தார். முதலில் வாசிக்கவில்லை. குடத்தைத் தடவினார், தண்டி வழியாக ஒற்றைக் கண்ணால் குதிரை வரை பார்த்தார், பிரடை ஒவ்வொன்றையும் திருகிப் பார்த்து இரண்டில் முகம் சுளித்தார். நீ முதலில் வாசி என்று என்னிடம் நீட்டினார். எனக்கென்ன தெரியும், சரளி வரிசை. ச ரி க ம என்று தடவித் தடவி வாசித்தேன். மேல் ஸட்ஜம் போவதற்குள் "ஹிஜாஸ் கார்!" என்று கத்தினார். சரளி வரிசை அமைந்த மாயாமாளவகௌளை ராகத்தின் ஸ்வரங்கள்தான், நம் ராகம் மாதிரியான அவர்கள் மகாமில் ஹிஜாஸ் கார். எந்த அரபு வாத்தியாரிடம் படித்தாய் என்று கேட்டார். எங்கள் ஊரில் குழந்தைகளுக்கு முதல் பாடமே இதுதான் என்றதும் நம்பவில்லை. அப்புறம் வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் வாசித்தார். நான் சமையலறையில் டீ போடப் போய், போடாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் தீர்ப்பு: மேல் தந்திகள் நன்றாகப் பேசுகின்றன, கீழே இன்னும் இறுக்கமாக இருக்கிறது, ஒரு வருடம் தினமும் வாசித்தால் இளகும். தந்தி உயரம் தண்டி மூலையில் அதிகம், மூக்கைக் கொஞ்சம் இறக்கு. அளந்தேன், நாலு மில்லி இருந்தது. மூன்றுக்கு இறக்கினேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

யாருக்கு இந்தக் கிட்? உளி தீட்டத் தெரியாதவர்களுக்கு நிச்சயம் இல்லை. பெட்டிமேல் "ஆரம்பநிலையினருக்கு" என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். மரவேலை தெரிந்தவர்கள் மொத்தக் கிட்டையும் வாங்காமல் அச்சு, முகப்பலகை, சட்டங்கள், தலை இவற்றை மட்டும் தனித்தனியாகக் கேளுங்கள். பத்தையை வளைக்காமல், ஓரம் சீவாமல், மூன்று மில்லி கனத்தில் தட்டையாகத் தரச் சொல்லுங்கள், விலையும் குறையும். குதிரை, தந்தி, பசை வேண்டாம். 61 என்று மெயிலில் எழுதி, தண்டி நீளத்தையும் எழுதிக் கேளுங்கள். மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று. அச்சும் ஸ்ப்ரூஸும் இல்லையென்றால் ஒன்றரைதான்.

பிரடைகள் பற்றியும் மெயில் போட்டிருந்தேன், படத்தோடு, வெர்னியர் அளவோடு. போன வாரம் ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. புதிதாகப் பன்னிரண்டு பிரடைகள், கூடவே இரண்டு பாக்கெட் துருக்கித் தேயிலை. தேயிலை அருமை. பிரடைகளில் நாலு முட்டை.